பெட்டியில் வந்த பேச்சு

கொக்குவலசையில் குவைத்துப் பெட்டியை யார் பிரிப்பது என்பதில் எந்தக் காலத்திலும் தகராறு வந்ததில்லை. தாய்மாமன்தான் பிரிப்பார். பெட்டி வந்த சேதி கேட்டதும் சொந்தபந்தம் எல்லாம் கைகால் அலம்பிக்கொண்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, முற்றத்தில் வட்டம் கட்டி உட்கார்ந்துவிடும். விமானம் ஏற்றிவிடப் போனவருக்கு ஒரு பங்கு, பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவருக்கு ஒரு பங்கு, போகிற அன்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டவருக்கு ஒரு பங்கு, ஒன்றுமே செய்யாமல் 'போயிட்டு வாத்தா' என்று வாயால் சொன்னவருக்கும் ஒரு சோப்புக்கட்டி. கொடுக்காவிட்டால் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். பெட்டியை அனுப்பியவள் பெற்ற பிள்ளையைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் மிட்டாய்ப் பையின் அடியில் உடைசல் மட்டும் மிஞ்சியிருக்கும். "சின்னப்புள்ள, அதுக்கென்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே முழு மிட்டாயை மென்றுகொண்டிருப்பார்கள்.

காளீஸ்வரிக்கு இந்தக் கூத்தைக் கண்ணால் காணப் பிடிக்காது. ஆனால் கூத்து நடப்பதே அவள் வீட்டு முற்றத்தில்தான். பெட்டி பிரிக்கிற தாய்மாமன் அவள் புருஷன் மங்களநாதன்தான். மனை வாங்கி விற்றுத் தரும் தரகர் அவர். அவருடைய தங்கச்சி பூரணம் குவைத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் இருந்தாள். பூரணத்தின் புருஷன் மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவன், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவதோடு சரி. அவர்கள் பெற்ற ஒரே பெண் தன்ஷிகா, பால்குடி மறந்த கையோடு மாமன் வீட்டில் விடப்பட்டவள், இப்போது இரண்டாம் வகுப்பு.

காளீஸ்வரி இட்லி மாவு அரைத்து விற்றாள். விடிந்தால் கிரைண்டர் ஓடும், பொழுது சாய்ந்தால் மறுபடி ஓடும். அது ஓடுகிற நேரத்தில் அந்த வீட்டில் பேச வேண்டுமானால் கத்த வேண்டும், கத்திக் கத்தி அலுத்துப்போய் அங்கே எல்லோரும் கையைக் காட்டியும் கண்ணைக் காட்டியும் பிழைக்கப் பழகிவிட்டார்கள். சட்டியைக் காட்டினால் சாப்பிடு, பாயைக் காட்டினால் படு. வயிறு நிறையச் சோறு, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, துவைத்த சட்டை, இவ்வளவும் கொடுத்துவிட்டால் வளர்த்துவிட்டதாக அர்த்தம் என்று காளீஸ்வரி நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்ட அன்றைக்குத்தான் அது தப்பென்று தெரிந்தது.

தன்ஷிகாவுக்கு வாயில் இருந்தது நாலே நாலு வாக்கியம். எல்லாம் வெள்ளிக்கிழமை போனில் சொல்லிச் சொல்லிப் பழகியது. நல்லாருக்கேன். சாப்ட்டேன். படிக்கிறேன். நீ எப்ப வர்ற? பசுவைப் பற்றிச் சொல் என்றால் நல்லாருக்கேன் என்றாள். மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சாப்ட்டேன் என்றாள். வகுப்பில் அவளைப்போல இன்னும் பாதிப் பேர் இருந்தார்கள், தாய் மஸ்கட்டில், தகப்பன் சவூதியில், சிலருக்கு இரண்டு பேரும் எங்கோ. அந்தப் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தால் நல்லாருக்கியா, சாப்ட்டியா என்று விசாரித்துவிட்டு, அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லாமல், லைன் கட்டாகிப்போன மாதிரி நின்றுவிடும்.

"இதுக்கு மொழி வரலங்க," என்றார் அல்போன்சா டீச்சர், நகத்தைப் பார்த்துக்கொண்டு. "அம்மா அப்பா வெளிநாட்டுல இருக்குற புள்ளைங்க அம்புட்டும் இப்பிடித்தான். கடைசி பெஞ்சுல ஒண்ணா ஒக்கார வச்சிருக்கேன். தொந்தரவு இருக்காது."

யாருக்குத் தொந்தரவு என்று கேட்க வாய் வராமல் காளீஸ்வரி திரும்பி வந்தாள். அவளுக்கும் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அந்தப் புரட்டாசியில் வந்த பெட்டியில்தான் அது இருந்தது. பால்மாவு டின்னும் தைலப்புட்டியும் பூப்போட்ட போர்வையும் எடுத்தானபிறகு, ஒரு சின்னப் பையனின் பழைய பனியன் துணியில் முடிந்த மூட்டை ஒன்று அடியில் கிடந்தது. அவிழ்த்தால் புளியங்கொட்டை அளவில், புளியங்கொட்டை நிறத்தில், தொட்டால் வெதுவெதுவென்று, கை நிறையக் கொட்டைகள். ஏதோ அரபு நாட்டுப் பருப்பு என்று நினைத்து மங்களநாதன் ஒன்றை வாயில் போட்டார். அது கரைந்தது. அவர் ஏப்பம் விடுகிறவர் மாதிரி வாயைத் திறந்தார், மீசைக்குக் கீழிருந்து அவர் தங்கச்சியின் குரல் வந்தது.

"ஏ கழுதக்குட்டி, மழையில நனைஞ்சிட்டு வந்து நிக்கிறியா? தலையத் தொடச்சுக்கடி, ஈரம் எறங்கிரும்."

யாரும் அதிர்ந்து போகவில்லை. சீனியம்மாள், மங்களநாதனுக்குப் பெரியம்மா முறை, ஆடு வளர்க்கிறவள், நியாயம் சொல்வதில் முந்துகிறவள், தன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு விளக்கினாள். "இது பூரணம் பேச்சுதான்! புள்ளைட்டப் பேசணும் பேசணும்னு நெனச்சிருப்பா, பேசத்தான் ஆளில்ல. பேசாம வச்சா கட்டிதானே தட்டும்? மோர்ல வெண்ணெ தெரளுற மாதிரிதான். சரி சரி, நேரமாச்சு, பங்கு வை."

முறைப்படி பங்கு வைத்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்தது, சூடு கூடினது கொஞ்சல், சூடு குறைந்தது கண்டிப்பு, வழவழப்பானது தாலாட்டு, சொரசொரப்பானது கதை. பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவர் தாலாட்டாகப் பார்த்து எடுத்தார். சீனியம்மாள் கொஞ்சலில் பெரியதாக நாலைந்தைப் பொறுக்கி முந்தியில் முடிந்தாள். பிள்ளையை ஃபெயிலாக்காமல் வைத்திருக்கிறார் என்பதால் அல்போன்சா டீச்சருக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். வண்ணத்துப்பூச்சியை எப்படிக் கூப்பிடுவது, பல் விழுந்தால் என்ன சொல்லிக் கூரைமேல் எறிவது, வயிறு வலித்தால் அந்த வலியை எந்தெந்தப் பெயரிட்டுச் சொல்வது, இப்படி ஒரு தாய் பெண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியது அத்தனையும் அன்று சாயங்காலம் எச்சில் வாய்களுக்குள் சளப் சளப்பென்று கரைந்துபோனது. தன்ஷிகாவை அப்புறம்தான் கூப்பிட்டார்கள். உடைந்த ஒன்று கிடந்தது. அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, "ம்" என்றாள். கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை போட வேண்டிய 'ம்' அது. பூரணம் தானே கதை சொல்லி, பிள்ளைக்குப் பதிலாகத் தானே 'ம்' கொட்டியிருக்கிறாள் போலிருக்கிறது.

காளீஸ்வரிக்கும் ஒன்று வந்தது. அடுப்படியில் நின்று தின்றாள். 'வாடி என் வாயாடி' என்று இருந்தது. சொல்லிப் பார்ப்போமே என்று சொன்னாள். கொல்லையில் இருந்த பிள்ளை தலைதெறிக்க ஓடி வந்தது. காளீஸ்வரிக்குப் பின்னால் பார்த்தது, அறைக்குள் பார்த்தது, அலமாரிமேல் இருந்த போனைப் பார்த்தது, திரும்பிக் கொல்லைக்கே போய்விட்டது. காளீஸ்வரிக்கு இன்னொருத்தி பிள்ளைக்கு வைத்திருந்த சோற்றைத் திருடித் தின்ற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வெளியே விடவில்லை, நாக்குக்கு அடியில் அடக்கியே வைத்திருந்தாள்.

மற்றவர்களுக்கு அப்படி ஒரு கூச்சமும் இல்லை. மங்களநாதன் மனை பார்க்க வருகிறவர்களிடம், "வெயில்ல நிக்காத சாமி, கண்ணு கலங்கிரும்," என்று தங்கச்சி குரலில் சொன்னார். சுடுகாட்டை ஒட்டிய மனைகூட விற்றது. சீனியம்மாள் 'என் தங்கக்கட்டி, என் பவுனு' என்று ஆட்டைக் கொஞ்சிக்கொண்டே பால் கறந்தாள், ஆடு மடியில் இருந்ததை எல்லாம் கொடுத்தது. அல்போன்சா டீச்சர் தலைமையாசிரியரிடம் லீவு கேட்கும்போது தன் பங்கைப் பயன்படுத்தினார். கடைசி பெஞ்சில் இருந்த தன்ஷிகா அம்மாவின் குரலைக் கேட்டு எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லி டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். ஐப்பசிக்குள் மற்ற வீட்டுப் பெட்டிகளிலும் கொட்டைகள் வரத் தொடங்கின, மஸ்கட்டிலிருந்தும் சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும், அம்மாக்களின் பேச்சு, அப்பாக்களின் பேச்சு. கொக்குவலசையில் டீக்கடைக்காரர் கிளாஸைக் கொஞ்சினார், பஸ் கண்டக்டர் 'ஏறு ராசா, பாத்து ஏறு' என்று உருகினார், வார்டு மெம்பர் மேடையேறி மூன்று தாய்களின் குரலில் வாக்குக் கேட்டபோது கூட்டத்தில் பொம்பளைகள் மூக்கைச் சிந்தினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இப்படிப் பாசமான ஊரை எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரும் அதை நம்பிப் பூரித்துக்கொண்டது.

உச்சமாக ஒன்று நடந்தது. மாவட்ட அளவில் தமிழ்ப் பேச்சுப் போட்டி, தலைப்பு 'தாய்மொழி'. ரோடு கான்ட்ராக்டர் மகனுக்கு ஒரு மாதமாகச் சோற்றில் பிசைந்து பிசைந்து கொட்டைகளை ஊட்டியிருந்தார்கள், எந்த வீட்டுப் பெட்டியில் எது வந்தது என்ற கணக்கே இல்லாமல். அந்தப் பையன் மேடையில் நின்று மடை திறந்த மாதிரி பேசினான், நடுவர்கள் அசந்துபோய்க் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அவன் வாயிலிருந்து தங்கள் அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் பேசுவதைக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், டீச்சர் கண்ணைக் காட்டியதும் கை தட்டினார்கள். விழாவுக்கு மாவு வாளியோடு வந்திருந்த காளீஸ்வரி, தன்ஷிகாவும் கை தட்டுவதைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்திவிட்டுப் புருஷனிடம் பேசினாள். நிறுத்தாமல் பேசியிருந்தால் அவருக்குக் கேட்காததாகப் போயிருக்கும்.

"நீங்க தின்னதெல்லாம் அதுக்கு வந்த பேச்சு. ஒரு நாளைக்கு ஒரு நாழி அந்தப் புள்ளைய மடியில வச்சுப் பேசுங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"எனக்கு வேற வேல இல்லயா?" என்றார் மங்களநாதன். "அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன்ல பேசுதுல்ல, பத்தாதா?"

சீனியம்மாளிடம் போனாள். அவள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். "ஆருக்கு வந்துச்சோ அவுகட்டச் சொன்னா அங்கிட்டே போயிருமாம்டி. அப்பறம் என் ஆடு பால் குடுக்குமா? நீ என்னமோ நேத்து வந்தவ மாதிரி பேசுற," என்றாள்.

ஆட்டைக் கொஞ்சுகிற வாய்க்குப் பிள்ளையைக் கொஞ்ச முடியவில்லை. காளீஸ்வரிக்கு அந்த வெற்றிலை வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, சொந்தம் என்ற சொல்லே அழுகல் வாடை அடித்தது. அடுத்த பெட்டியைப் பிள்ளைக்கு முழுசாக வாங்கிக் கொடுக்காவிட்டால் இது ஆயுசுக்கும் நாலு வாக்கியத்தோடு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

மாசியில் அடுத்த பெட்டி வந்தது, ஒரு வியாழக்கிழமை. இந்தத் தடவை கூட்டம் முற்றம் கொள்ளவில்லை. பூரணத்தை முன்னே பின்னே பார்த்திராதவர்கள்கூட, விமானம் எங்கள் தெருமேல்தானே பறந்தது என்கிற உரிமையில் வந்திருந்தார்கள். மங்களநாதன் கத்தியோடு வந்தபோது காளீஸ்வரி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், தன்ஷிகாவை மடியில் இறுக்கிக்கொண்டு.

"எந்திரி," என்றார் அவர்.

"இது புள்ளையோட பெட்டி. அதுதான் பிரிக்கும்."

"மொறன்னு ஒண்ணு இருக்குத்தா," என்றாள் சீனியம்மாள். "தாய்மாமன் இருக்கும்போது பொட்டப்புள்ள பெட்டி பிரிச்சா குடும்பத்துக்கு ஆகுமா?"

"எல்லாரும் பாக்குறாக, மானத்த வாங்காத," என்று சொல்லி மங்களநாதன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். உதவி செய்வதில் அவர்களுக்கு நிகர் கிடையாது. அவளையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கி, அம்மி கிடந்த மூலையில் இறக்கிவைத்தார்கள்.

மூட்டை போன தடவையைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அதைப் பார்த்ததும் முறையாவது மண்ணாங்கட்டியாவது, பங்குகூட வைக்கவில்லை. இருபது முப்பது கைகள் ஒரே நேரத்தில் விழுந்து, அள்ளி, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டன. கன்னங்கள் புடைத்தன. கடைவாயில் எச்சில் ஒழுகியது. ஒரு கணம் முற்றத்தில் சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு வாய்களைத் திறந்தார்கள். பூரணத்தின் குரல்தான் வந்தது, அதே குழைவு, அதே கொஞ்சல். ஆனால் ஒரு சொல் யாருக்கும் விளங்கவில்லை. தொண்டையின் அடியிலிருந்து எழும்பி, உருண்டு, மெத்தென்று வந்து விழும் அரபுப் பேச்சு. குவைத்தில் அந்த வீட்டுச் சின்னப் பையனுக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, தூங்கவைத்து, நாளெல்லாம் அவனோடு பேசிப் பேசி, அவள் நெஞ்சில் ஊறுவதே அந்தப் பேச்சாக மாறிப்போயிருந்தது. தன் மகளை நினைத்தபோதும் அதுதான் திரண்டிருக்கிறது.

"த்தூ!" என்றாள் சீனியம்மாள். "என்னடி கருமம் இது, வாய்க்குள்ள நொழையாத பேச்சா இருக்கு!"

"இத வச்சு நான் எவன்ட்ட மனை விக்க?" என்று மங்களநாதனும் துப்பினார். எல்லோரும் துப்பினார்கள், முற்றமெங்கும், துளசிமாடத்தின்மேல்கூட. காளீஸ்வரி மாவுக்கு அரிசி ஊறவைத்திருந்த தண்ணீரிலேயே கைவிட்டு அள்ளி வாய் கொப்பளித்தார்கள், பூரணத்துக்குப் பேச்சு கெட்டுப்போச்சு என்று பரிதாபப்பட்டார்கள், மறக்காமல் சோப்புக்கட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

எச்சிலும் மண்ணுமாகக் கிடந்த கொட்டைகளைத் தன்ஷிகா குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். காளீஸ்வரி தடுக்கப் போனாள். பிறகு அவளும் உட்கார்ந்து பொறுக்கினாள். கழுவினால் கரைந்துவிடுமோ என்று பயந்து, ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். பாதி கரைந்தது, கால்வாசி கரைந்தது, பல் பட்டது, ஒன்றைக்கூட விடவில்லை. பிள்ளை ஒவ்வொன்றாக வாயில் போட்டது. பின்னாலிருந்து யாரும் கை நீட்டவில்லை. அவளுக்கென்று வந்த பெட்டியில் முழுப் பங்கும் அன்றைக்குத்தான் அவளுக்குக் கிடைத்தது, யாருக்கும் வேண்டாததாக இருந்ததால்.

தன்ஷிகா பேச ஆரம்பித்தாள். ஆச்சரியம், அவள் வாயில் வந்தது பூரணத்தின் குரலாக இல்லை, அவளுடைய சொந்தக் குரலாகவே இருந்தது. பறிக்காமல் வாங்கியதால் அப்படியோ என்னவோ. நாய்க்குட்டியிடம் பேசினாள், அம்மியிடம் பேசினாள், வாளியிடம் சண்டை போட்டாள். சாயங்காலம் மாவு வாங்க வந்தவர்கள் கிரைண்டர் ஓடாததைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். "தஆல், அயித்தே, தஆல்," என்று பிள்ளை கையைப் பிடித்து இழுத்தது. எங்கே இழுக்கிறதென்று போனால், கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"வான்னு சொல்றியா?" என்றாள் காளீஸ்வரி.

"வா," என்றது பிள்ளை, ருசி பார்க்கிற மாதிரி. பிறகு கம்பளிப்பூச்சியைக் காட்டி, இதற்கு உங்கள் பேச்சில் என்ன என்று கண்ணால் கேட்டது. காளீஸ்வரி சொன்னாள். முருங்கைக்கும் சொன்னாள், பிசினுக்கும் சொன்னாள், அரிப்புக்கும் சொன்னாள். இவ்வளவு பேச்சு தனக்குள் எங்கே கிடந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. கிரைண்டருக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், பிள்ளை என்னமோ உளறுகிறது, மொழி சுத்தமாக வரவில்லை என்று. சாயங்காலம் வழக்கம்போலப் போன் வந்தது.

"நல்லாருக்கியாத்தா? சாப்ட்டியா? படிக்கிறியா?" என்றாள் பூரணம்.

தன்ஷிகா அந்த நாலு வாக்கியங்களையும் சொல்லவில்லை. அரபில் கடகடவென்று ஆரம்பித்து, கம்பளிப்பூச்சி கதை முழுவதையும் நடுநடுவே முருங்கை, பிசின், அரிப்பு என்று போட்டுச் சொல்லி முடித்தாள்.

"மதினி," என்றாள் பூரணம். "இது நான் அந்தப் பயலுக்குச் சொல்ற பேச்சாச்சே. இவளுக்கு யாரு மதினி சொல்லிக் குடுத்தா?"

"நீதாம்மா குடுத்த. பெட்டியில அனுப்பல?"

பூரணம் அழுதாள், சிரித்தாள், மகள் கேட்டதற்கெல்லாம் அரபில் பதில் சொன்னாள். அதையே நம்ம பேச்சில் சொல்ல வந்து நடுவில் சொல் கிடைக்காமல் திணறியபோது, காளீஸ்வரி இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சொல் குவைத்துக்குப் போய்ப் பூரணத்தின் வாயில் விழுந்து பிள்ளையின் காதுக்குத் திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில் காளீஸ்வரிக்கு நாக்குக்கு அடியில் சூடாக எதுவோ புரண்டது. அடக்கி வைத்திருந்ததைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து விட்டாள். "வாடி என் வாயாடி."

பிள்ளை இந்தத் தடவை பின்னால் பார்க்கவில்லை. போனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. காளீஸ்வரியின் வாய் லேசாகிப்போனது, அந்தச் சொல் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். முதலில் சீனியம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினாள், அவளுக்குப் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவர், அல்போன்சா டீச்சர், ஊரே நின்றது. அவர்களை விலக்கிக்கொண்டு மங்களநாதன் முன்னால் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பேச்சுடி அது, கேக்கவே தேனாட்டம் இருக்கு," என்றாள் சீனியம்மாள், உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு. "நேத்து வந்ததா? எங்களுக்கும் அதுல பங்கு இருக்குல்ல?"

காளீஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்தாள். ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள்.

"துப்புனதுல பங்கு கெடையாது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.